ஆடியது யாரோ, பாடியது யாரோ!

உலகையே ஆடவைத்த டிஸ்கோ, பாப் ஹிட்டுகளுக்குப் பின்னால் மறைக்கப்பட்ட குரல்களின் கதை

போனி எம் என்றவுடன் முதலில் கண்முன் வருபவர் பாபி ஃபாரெல்தான். பந்துபோல அடர்ந்த சுருட்டை முடி, திறந்த மார்பு, பளபளக்கும் உடை, எலும்பே இல்லாததுபோல வளையும் உடம்பு. ‘டாடி கூல்’, ‘ராஸ்புடின்’ பாடல்களில் அடித்தொண்டையிலிருந்து கிளம்பும் அந்தக் கனத்த ஆண்குரலுக்குத் தொலைக்காட்சியில் உயிர் கொடுத்தவர் அவர். ஆனால், இசைத்தட்டில் ஒலிக்கும் குரல் அவருடையது அல்ல. பாடியவர், கேமரா பக்கமே வராத ஒரு ஜெர்மன்காரர். பெயர் ஃபிராங்க் ஃபாரியன். குழுவைக் கட்டியதும், பாடல்களைத் தயாரித்ததும், ஆண்குரலில் பாடியதும் அவரே. பாபி வாயசைத்தார், ஆடினார், உலகம் கைதட்டியது.

நம்மூர் கேசட் கடைகளில் ஆங்கிலப் பாட்டு என்றாலே அபா, போனி எம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டவர்களில் பலருக்கு இந்தச் சங்கதி இன்றும் தெரியாது. இது போனி எம்மின் கதை மட்டுமல்ல. 1960களில் தொடங்கி 1990கள் வரை உலகம் ஆடித் தீர்த்த பல பாட்டுகளில் குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது. முகத்துக்குப் புகழ் கிடைத்தது. குரலுக்கு ஒருநாள் கூலி கிடைத்தது. அந்தக் கணக்கு எப்படித் தொடங்கியது, எப்படி நீதிமன்றம்வரை போனது என்பதுதான் இந்த வாரச் சிறப்புக் கட்டுரை.

சமையல் படித்தவர் கட்டிய குழு

ஃபாரியனின் இயற்பெயர் ஃபிரான்ஸ் ராய்ட்டர். 1941இல் ஜெர்மனியின் கிர்ன் நகரில் பிறந்தவர். சமையல் தொழில் கற்றுக்கொண்டு, பிறகு பாட்டுப் பக்கம் வந்தவர். 1970களின் நடுவில் ‘பேபி டூ யூ வான்னா பம்ப்’ என்ற நடனப் பாட்டை ஸ்டூடியோவில் உருவாக்கினார். கனத்த குரலும் அவரே, கீச்சுக் குரலும் அவரே. தட்டின்மேல் அச்சடிக்க ஒரு பெயர் வேண்டுமே? தொலைக்காட்சியில் ஓடிய ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடர் ஒன்றின் நாயகன் பெயர் போனி. அதோடு ஓர் ‘எம்’ சேர்த்தார். இல்லாத ஒரு குழுவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

அந்தப் பாட்டு நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் ஓடத் தொடங்கியதும் சிக்கல் வந்தது. தொலைக்காட்சி நிலையங்கள் குழுவை அழைத்தன. அனுப்ப ஆள் இல்லை. அவசரமாக ஆள் திரட்டினார் ஃபாரியன். கடைசியில் நிலைத்த நால்வரும் கரீபியத் தீவுகளில் பிறந்தவர்கள்: ஜமைக்காவின் லிஸ் மிட்செல், மார்சியா பேரட், மான்செராட்டின் மேஸி வில்லியம்ஸ், அரூபாவின் பாபி ஃபாரெல். இவர்களில் ஸ்டூடியோவில் பாடியவர்கள் லிஸ், மார்சியா இருவர் மட்டுமே. நான்கு முகங்களில் இரண்டுக்குக் குரல் இல்லை. மூன்று குரல்களில் ஒன்றுக்கு முகம் இல்லை.

குரல் மட்டுமா இரவல்? மெட்டுகளின் பூர்வீகத்தைத் தோண்டினாலும் வேறு வேறு ஊர்கள் வருகின்றன. 1977இல் வந்த ‘மா பேக்கர்’ துனிசியாவின் நாட்டுப்பாடலான ‘சிதி மன்சூர்’ மெட்டைத் தழுவியது. பாட்டில் வரும் கொள்ளைக்காரத் தாய், 1930களில் அமெரிக்கப் போலீஸைத் திணறடித்த கும்பலோடு பெயர் சேர்க்கப்பட்ட மா பார்க்கர். காதுக்கு நன்றாக இருக்கிறது என்று பார்க்கரைப் பேக்கர் ஆக்கிவிட்டார்கள். ‘ராஸ்புடின்’ மெட்டைக் கேட்கும் துருக்கிக்காரர் எவருக்கும் ‘உஸ்குதார்’ என்ற தங்கள் பழைய பாட்டு நினைவுக்கு வரும்.

‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ கதை இன்னும் சுவையானது. பைபிளின் 137ஆம் சங்கீதத்தை வைத்து ஜமைக்காவின் ‘மெலோடியன்ஸ்’ குழு 1970இல் பாடிய ரெக்கே பாட்டு அது. சிறையிருப்பில் வாடியவர்களின் அழுகை, ரஸ்தஃபாரிகளின் விடுதலை ஏக்கமாக மாறிய பாட்டு. 1978இல் போனி எம் அதை நடன மேடைக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. தட்டின் மறுபக்கத்தில் இருந்த ‘பிரவுன் கேர்ள் இன் த ரிங்’ என்ற கரீபியச் சிறுவர் பாட்டும் தனியாகக் கிளம்பி ஓட, அந்த ஒரே தட்டு பிரிட்டனில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் விற்றது. பாட்டை எழுதிய பிரெண்ட் டோவ், டிரெவர் மெக்நாட்டன் பெயர்களுக்குப் பக்கத்தில், ஆக்கியோர் வரிசையில் ஃபாரியன் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

அதே 1978 டிசம்பரில் போனி எம் மாஸ்கோ போனது. பிரெஷ்னெவ் ஆட்சிக்காலம். மேற்கத்திய டிஸ்கோ குழு ஒன்று சோவியத் தலைநகரில் பாட அனுமதி பெற்றதே அதிசயம். பத்துக் கச்சேரிகள் நடந்தன. ‘ராஸ்புடின்’ மட்டும் பாடப்படவில்லை. ஜார் மன்னரின் அரண்மனையை ஆட்டிவைத்த சாமியார் கதையை அங்கே மேடையேற்ற இடமில்லை. அந்த ராஸ்புடின் கொல்லப்பட்டது 1916 டிசம்பர் 30, இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். பாபி ஃபாரெல் ஒரு நிகழ்ச்சிக்காகப் போய், ஓட்டல் அறையில் இறந்து கிடந்ததும் அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில்தான். தேதி, 2010 டிசம்பர் 30. எழுத்தாளன் கற்பனை செய்தால் நம்பமாட்டோம்.

தன் புதுப் பாட்டை வானொலியில் கேட்ட குழு

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் ஃபாரியன் அல்ல. 1962இல் ‘ஹீ இஸ் எ ரெபல்’ என்ற பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. தட்டில் இருந்த பெயர் ‘கிறிஸ்டல்ஸ்’. நியூயார்க் பெண்கள் ஐவரின் குழு. ஆனால், அந்தப் பாட்டு பதிவானபோது அவர்கள் அமெரிக்காவின் மறுகோடியில் கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள்.

தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டருக்கு அவசரம். அதே பாட்டை இன்னொரு நிறுவனம் விக்கி காரைப் பாடவைத்து வெளியிடப்போவது அவருக்குத் தெரிந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பறந்தார். கோல்டு ஸ்டார் ஸ்டூடியோவில், கோரஸ் பாடிப் பிழைத்துவந்த டார்லீன் லவ்வையும் அவருடைய ‘பிளாசம்ஸ்’ தோழிகளையும் பாடவைத்தார். டார்லீனுக்குக் கிடைத்தது ஒருமுறைக் கூலி. தட்டில் ‘கிறிஸ்டல்ஸ்’ பெயர். தங்களுக்கு ஒரு புதுப்பாட்டு வந்திருப்பதை கிறிஸ்டல்ஸ் பெண்கள் வானொலியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். பிறகென்ன, தாங்கள் பாடாத பாட்டை மேடைக்கு மேடை பாட வேண்டியதாயிற்று. டார்லீன் லவ்வுக்கு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைக்க 2011 ஆனது.

முகத்தை மறைத்தாலும் மோசடி ஆகாத ஓர் உதாரணமும் அந்தக் காலத்திலேயே உண்டு. 1969இல் அமெரிக்காவில் ஆண்டின் முதலிடப் பாட்டு ‘சுகர் சுகர்’. பாடிய குழு ‘ஆர்ச்சீஸ்’. ஆம், காமிக்ஸ் புத்தகத்து ஆர்ச்சிதான். கார்ட்டூன் பாத்திரங்களுக்கு ஸ்டூடியோவில் குரல் கொடுத்தவர் ரான் டான்டே என்ற பாடகர். அதே நாட்களில் ‘கஃப் லிங்க்ஸ்’ என்ற இன்னொரு ஸ்டூடியோ குழுவின் பெயரில் அவர் பாடிய ‘டிரேஸி’யும் ஹிட். ஒரே தொண்டை, இரண்டு குழுக்கள், இரண்டு வெற்றி. கார்ட்டூன் பாடாது என்பது குழந்தைக்கும் தெரியும். அதனால் அங்கே யாரும் ஏமாறவில்லை.

விருதைப் பறித்த குட்டு

1981இல் எம்டிவி வந்தது. பாட்டு, கேட்பதற்கு மட்டுமல்ல, பார்ப்பதற்கும் என்றானது. நல்ல குரல் மட்டும் இருந்தால் போதாது. ஒல்லியான இடுப்பும் ஒய்யார நடையும் வேண்டும் என்று கம்பெனிகள் முடிவு செய்தன. இத்தாலியில் டென் ஹாரோ என்ற பெயரில் மேடையில் மின்னியவர் ஸ்டெஃபானோ சாண்ட்ரி. அவருடைய பெரிய ஹிட்டுகளைப் பாடியவர் டாம் ஹூக்கர். 1989இல் ‘பம்ப் அப் த ஜாம்’ வந்தது. பெல்ஜியத்தின் டெக்னோட்ரானிக் குழுவுக்காகப் பாடியவர் கின்ஷாசாவில் பிறந்த யா கிட் கே. வீடியோவிலும் அட்டையிலும் இருந்தவர் ஃபெல்லி என்ற மாடல்.

இந்தச் சந்தையில்தான் ஃபாரியன் தன் பழைய வித்தையை மறுபடி கையில் எடுத்தார். இந்த முறை பெயர் ‘மில்லி வனில்லி’. நடனக்காரர்களான ராப் பிலாட்டஸ், ஃபேப் மார்வன் என்ற இரு இளைஞர்கள் முகமானார்கள். பாடியவர்கள் சார்லஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல் முதலியோர். ‘கேர்ள் யூ நோ இட்ஸ் ட்ரூ’ பாட்டுகூடப் புதிதல்ல. அமெரிக்காவின் ‘நியூமார்க்ஸ்’ குழு முன்பே பாடியிருந்தது. ஃபாரியனின் பதிப்பு தீயாகப் பரவியது. அமெரிக்காவில் அடுத்தடுத்து மூன்று பாட்டுகள் முதலிடம். ஆல்பம் அங்கு மட்டும் 60 லட்சம் பிரதிகள். 1990 பிப்ரவரியில் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி விருது.

விரிசல் அதற்கு முன்பே விழுந்திருந்தது. 1989 ஜூலையில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டலில் நடந்த நிகழ்ச்சியில், ஓடிக்கொண்டிருந்த பதிவு சிக்கிக்கொண்டு ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடியது. சிறிது நேரம் சமாளித்த ராப், மேடையைவிட்டு ஓடினார். ரசிகர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையில் பாடியவர்களில் ஒருவரான சார்லஸ் ஷா பத்திரிகையாளரிடம் விஷயத்தைச் சொன்னார். பிறகு சொன்னதை வாபஸ் வாங்கினார். கடைசியில் வெடித்தது உள்ளுக்குள்ளேதான். அடுத்த ஆல்பத்தில் நாங்களே பாடுவோம் என்று ராபும் ஃபேபும் பிடிவாதம் பிடித்தார்கள். 1990 நவம்பரில் ஃபாரியன் அவர்களை நீக்கினார். பாடியது அவர்கள் இல்லை என்று ஊரறியச் சொன்னார். சில நாட்களில் கிராமி திரும்பப் பெறப்பட்டது. கொடுத்த கிராமியைப் பறித்தது வரலாற்றில் அந்த ஒருமுறைதான். அமெரிக்காவில் ஆல்பம் வாங்கியவர்களுக்கு ஒரு சிறு தொகையைத் திருப்பித் தருவதாக வழக்கில் உடன்பாடு ஆனது.

இதன் பின்கதை இன்னும் கசப்பானது. உண்மைப் பாடகர்களை அட்டையில் போட்டு 1991இல் ஃபாரியன் ஓர் ஆல்பம் கொண்டுவந்தார். பழைய வெற்றியின் அருகில்கூட அது போகவில்லை. ராபும் ஃபேபும் தங்கள் சொந்தக் குரலில் 1993இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். விற்றது சுமார் 2,000 பிரதிகள். ராப் பிலாட்டஸ் 1998இல் 32 வயதில் இறந்தார். ஃபேப் மார்வன் பிற்காலத்தில் ஜான் டேவிஸோடு சேர்ந்து மேடை ஏறினார். முகமும் குரலும் முதல் முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. டேவிஸ் 2021இலும், ஃபாரியன் 2024இலும் காலமானார்கள். அவமானம் முழுவதையும் சுமந்தவர்கள் அந்த இரண்டு இளைஞர்கள்தான். ஏற்பாடு செய்த தயாரிப்பாளர் தொழிலைத் தொடர்ந்தார். 90களில் ‘லா பூஷ்’ போன்ற குழுக்களோடு மீண்டும் ஹிட் கொடுத்தார்.

வழக்குப் போட்ட பெண்கள்

மில்லி வனில்லியின் குட்டு உடைந்த அதே காலத்தில், உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு கறுப்பினப் பாடகிகள். இருவருமே கிறிஸ்தவ ஆலயப் பாட்டுகளில் தொண்டையைத் தீட்டிக்கொண்டவர்கள்.

ஒருவர் சிகாகோவின் லொலெட்டா ஹாலவே. 1980இல் டான் ஹார்ட்மன் எழுதித் தயாரித்த ‘லவ் சென்சேஷன்’ பாட்டில் கூரையைப் பிளக்கும் குரலில் பாடியிருந்தார். அந்தப் பத்தாண்டில் சாம்பிளர் என்ற கருவி பரவியது. பழைய தட்டிலிருந்து வேண்டிய இடத்தை வெட்டி, புதிய தாளத்தின்மேல் ஒட்டிவிடலாம். பாடகரை ஸ்டூடியோவுக்கு அழைக்கக்கூட வேண்டாம். 1989இல் இத்தாலியின் ‘பிளாக் பாக்ஸ்’ குழு அதைத்தான் செய்தது. ‘ரைடு ஆன் டைம்’ பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடம். அந்த ஆண்டு அங்கே அதிகம் விற்ற தட்டு. குரல் ஹாலவேயுடையது. தொலைக்காட்சியில் வாயசைத்தவர் காத்ரின் கினோல் என்ற மாடல். சட்ட நடவடிக்கை வந்ததும், பின்னாளில் ‘எம் பீப்பிள்’ குழுவில் புகழ்பெற்ற ஹீதர் ஸ்மாலைப் பாடவைத்து இன்னொரு பதிப்பு வெளியிட்டார்கள். ஹாலவேக்கு இழப்பீடு கிடைத்தது.

இரண்டே ஆண்டில் காட்சி மாறியது. 1991இல் மார்க்கி மார்க் வெளியிட்ட ‘குட் வைப்ரேஷன்ஸ்’ அமெரிக்காவில் முதலிடம். மார்க்கி மார்க் வேறு யாருமல்ல, ஹாலிவுட் நடிகர் மார்க் வால்பெர்க்தான். அதிலும் இருந்தது அதே ‘லவ் சென்சேஷன்’ குரல். ஆனால், இந்த முறை தட்டில் ஹாலவேயின் பெயர் இருந்தது. வீடியோவில் அவரே வந்து நின்று பாடினார். பாட்டு ஓடாமல் போய்விடவில்லை.

இன்னொருவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் மார்த்தா வாஷ். டிஸ்கோ நட்சத்திரம் சில்வெஸ்டருக்குக் கோரஸ் பாடித் தொடங்கியவர். 1982இல் தோழி இஸோரா ஆர்ம்ஸ்டெட்டோடு ‘வெதர் கேர்ள்ஸ்’ என்ற பெயரில் ‘இட்ஸ் ரெய்னிங் மென்’ பாடினார். டோனா சம்மர், டயானா ராஸ், ஷேர், பார்பரா ஸ்ட்ரைசண்ட் எல்லோரும் வேண்டாம் என்று தள்ளிய பாட்டு அது. அதன் வீடியோவில் இரண்டு பருமனான பெண்களும் சிரித்துக்கொண்டே ஆடினார்கள். உலகம் ரசித்தது.

இருந்தும், பிளாக் பாக்ஸின் ‘எவ்ரிபடி எவ்ரிபடி’ முதலிய பாட்டுகளை மார்த்தா பாட, திரையில் வாயசைத்தவர் மீண்டும் அதே மாடல் கினோல். ‘சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி’யின் ‘கோன்னா மேக் யூ ஸ்வெட்’ 1991இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. எல்லோரும் ஆட வாருங்கள் என்று அதில் அதிரும் குரல் மார்த்தாவுடையது. மாதிரிக்காகப் பாடித்தரச் சொல்லி, கூலி கொடுத்து அனுப்பிவிட்டு, அந்தப் பதிவையே பயன்படுத்தியிருந்தார்கள். வீடியோவில் ஸெல்மா டேவிஸ் வாயசைத்தார்.

மார்த்தா கோர்ட்டுக்குப் போனார். பிளாக் பாக்ஸ் விவகாரத்தில் இழப்பீட்டோடு ஆர்சிஏ நிறுவனத்தில் தனிப்பாடகி ஒப்பந்தமும் கிடைத்தது. சோனியோடு நடந்த வழக்கில், பாடியவர் யார், திரையில் தோன்றியவர் யார் என்று வீடியோவிலேயே எழுதிக் காட்ட வைத்தார். அதன்பின் நடனப் பாட்டுகளில் பாடியவர் பெயரைப் போடும் பழக்கம் வலுத்தது. பழைய வழக்கம் அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1993இல் இத்தாலியிலிருந்து வந்த ‘த ரிதம் ஆஃப் த நைட்’ பாட்டின் முகம் பிரேசிலின் ஓல்கா சோசா. குரல் ஜென்னி பி என்ற ஜியோவன்னா பெர்சோலா.

நம் ஊர்க் கணக்கு

பின்னணிப் பாட்டிலேயே வளர்ந்த நமக்கு ஒரு கேள்வி எழும். எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.சௌந்தரராஜன் பாடவில்லையா? அதை யாராவது மோசடி என்றார்களா? இல்லை. வானொலியில் பாட்டு வரும் முன்பே படத்தின் பெயரும், இசையமைப்பாளர் பெயரும், பாடியவர் பெயரும் வந்துவிடும். நடிகரைத் திரையில் ரசித்த அதே ஆள், பாடகரின் கச்சேரிக்கும் டிக்கெட் வாங்கினார்.

ஆனால், இந்த நேர்மை நமக்கும் தானாக வந்துவிடவில்லை. 1949இல் வந்த இந்திப் படம் ‘மஹல்’. அதன் புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் என்று அச்சாகியிருந்த பெயர் ‘காமினி’. அது மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர். உண்மையில் பாடிய லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை. வானொலியில் கேட்டவர்கள் யார் இந்தப் பாடகி என்று விசாரித்த பிறகுதான் லதா வெளியே தெரிந்தார். பின்னணிப் பாடகர்களுக்கு விருது இல்லாத ஃபிலிம்ஃபேர் மேடையில் பாடமாட்டேன் என்று அவர் மறுத்ததும், 1959இல் அந்த விருது தொடங்கியதும் தெரிந்த கதை. தேசிய விருதில் சிறந்த பின்னணிப் பாடகி என்று முதலில் அழைக்கப்பட்டவர் நம் பி.சுசீலா, 1968ஆம் ஆண்டின் ‘உயர்ந்த மனிதன்’ படத்துக்காக. மார்த்தா வாஷ் நீதிமன்றத்தில் கேட்டதை, நம் பாடகிகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கேட்டு வாங்கிவிட்டார்கள்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்றால், சாம்பிளரின் இடத்தில் இன்று செயற்கை நுண்ணறிவு வந்து நிற்கிறது. பழைய பாட்டிலிருந்து ஓர் அடியை வெட்டி ஒட்டிய காலம் போய், ஒருவரின் குரலையே அச்சாக வார்த்து, அவர் பாடாத பாட்டைப் பாடவைக்க முடிகிறது. 2024இல் வந்த ‘லால் சலாம்’ படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர்.ரஹ்மான் அப்படித்தான் திரும்பக் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியதையும் பணம் கொடுத்ததையும் வெளிப்படையாகச் சொன்னார். இறந்தவர் குரலை எழுப்புவது சரியா என்ற விவாதம் இருக்கலாம். ஆனால், பெயர் மறைக்கப்படவில்லை, காசு ஏமாற்றப்படவில்லை.

குரலை இரவல் கொடுப்பதும் வாங்குவதும் குற்றமல்ல. அதற்குரிய பெயரையும் காசையும் விழுங்குவதுதான் குற்றம். 1962இல் டார்லீன் லவ்வுக்கு நடந்தது நாளை நம் ஊர்க் கோரஸ் பாடகர் ஒருவருக்கு ஒரு மென்பொருளால் நடக்கலாம். யார் பாடியது என்று கேட்கும் ரசிகர்கள் இருக்கும்வரை அந்த ஏமாற்று எளிதாக நடக்காது. ஆகவே, அடுத்த முறை ஒரு பாட்டு உங்களை ஆடவைத்தால், பாடியவர் பெயரையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். பெயர் போடாத பாட்டு என்றால், ஏன் போடவில்லை என்று கேளுங்கள்.